பொன்னுருக்குக்கு முதல் நாள்

“குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கா? பிடிபட்டவர் நீங்களா?” கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

இராஜரட்ணம் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். கனடாவின் ஒஷாவா நகர நீதிமன்ற வரிசையில் தெரிந்த முகம் எதுவும் இல்லை. “நானில்லை. வேறு ஒருவர். அவருடைய பதிவை நான் பார்க்கலாமா?”

“பார்க்கலாம். எல்லோருக்கும் பொதுவானதுதான். பெயரும் பிறந்த திகதியும் சொல்லுங்கள்.”

பெயரைச் சொன்னார். பிறந்த திகதியைச் சொல்லச் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். மாப்பிள்ளையின் சாதகத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை ஜனார்த்தனைத் தேடிக்கொண்டவள் மகள் தனுஷிகாதான். ஆனாலும் தகப்பன் விசாரிக்காமல் விடுவாரா? ஊரை விசாரித்தார், உறவை விசாரித்தார், சாதகத்தையும் பார்த்துவிட்டார். எல்லாம் பொருந்தியது. ஒரு சந்தேகம் மட்டும் பல்லிடுக்கில் நார் போலக் கிடந்து உறுத்தியது.

நாளைக் காலை மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு பெண் வீட்டார் வாய் திறக்க முடியாது. கையில் இருப்பது இன்றைய பகல் மட்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் கணினியில் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். இராஜரட்ணம் கார்ச் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றார்.

“இருக்கிறது,” என்றாள். “போன வருடம். குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். அபராதம். ஓர் ஆண்டு வாகனம் ஓட்டத் தடை.”

நன்றி சொன்னாரோ என்னவோ, அவருக்கே தெரியாது. வெளியே வந்து தன் காரைத் தாண்டி நடந்துபோய்த் திரும்பி வந்தார். உள்ளே ஏறி இருந்ததும் மனைவி யோகமலரை அழைத்தார்.

“நான் அண்டைக்கே சொன்னனான். நல்ல வேலையிலை இருக்கிற பெடியன் பொம்பிளை வீட்டுக்குப் பஸ்ஸிலை வந்து இறங்கிறான். லைசென்ஸைப் பறிச்சுப்போட்டாங்கள். அதுதான் சங்கதி.”

“உங்கடை மகளும் பஸ்ஸிலைதான் வேலைக்குப் போறாள்.”

“ஆஸ்பத்திரியிலை பார்க்கிங் காசு கூட எண்டு காரை வித்தவள். நர்ஸ் பிள்ளை, சிக்கனம் தெரிஞ்சவள். உவன்ரை கதை வேறை. உவன் குடிச்சிட்டுக் கார் ஓடினவன்.”

“ஏன், நீங்கள் ஓடேல்லையோ? கல்யாண வீடுகளிலை அடிச்சுப்போட்டு ஸ்டீல்ஸ் ரோட்டாலை வரேக்கை, முருகா முருகா எண்டு கும்பிட்டுக்கொண்டெல்லோ நான் பக்கத்திலை இருக்கிறனான்.”

“நான் ஒருநாளும் பிடிபடேல்லை.”

“ஓம், பெரிய கெட்டித்தனம்.”

“விசர்க்கதை கதையாதை. குடிகாரனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது. உவன்ரை வீட்டைதான் போறன். எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு வாறன்.”

“இஞ்சேருங்கோ, தனுவை ஒரு சொல்லுக் கேட்டிட்டு…”

அவர் தொடர்பைத் துண்டித்தார்.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் பாதையைத் தவறவிட்டார். திரும்பி வந்து மறுபடி தவறவிட்டார். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது ஜனார்த்தன் வாசலில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளிருந்து பலகாரம் பொரிக்கும் வாசனை வந்தது.

அவரைக் கண்டதும் மெஷினை நிறுத்தினான். “வாங்கோ அங்கிள். நாளைக்குத்தானே எண்டு…”

“நாளைக்கு ஒண்டுமில்லை. நான் கோர்ட்டாலை வாறன்.”

ஜனார்த்தனின் முகம் மாறியது. அவசரமாகப் போய் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“போன வருசத்துக் கேஸ். உண்மையோ?”

“உண்மைதான் அங்கிள். அதுக்குப் பிறகு நான் தொடேல்லை.”

“நீர் ஏன் எங்களுக்கு மறைச்சனீர்?”

“நான் சொல்லத்தான் நிண்டனான். தனுதான் வேண்டாம் எண்டவள்.”

“அவளுக்குத் தெரியுமோ?”

“சந்திச்ச நாளே தெரியும்.”

“சந்திச்ச நாளே உதைச் சொன்னனீரோ?”

“சொல்லத் தேவைப்படேல்லை.” புல்லை வெறித்துப் பார்த்தான். “மிச்சத்தைத் தனுவிட்டைக் கேளுங்கோ அங்கிள்.”

“உம்மட்டைத்தான் கேக்கிறன். சொல்லாட்டில் இப்ப உள்ளுக்கை போய் உம்மடை அம்மாவிட்டை அடுப்பை நிப்பாட்டச் சொல்லுவன்.” அவர் படியில் காலை வைத்துவிட்டார்.

“நில்லுங்கோ அங்கிள்!” ஜனார்த்தன் குறுக்கே வந்து நின்றான். குரலைத் தாழ்த்தினான். “லைசென்ஸ் திரும்ப எடுக்கிறதெண்டால் ஒரு வகுப்புக்குப் போகவேணும். குடிச்சிட்டு ஓடிப் பிடிபட்ட ஆக்களுக்கு நடத்திறது. அங்கைதான் தனுவைக் கண்டனான்.”

இராஜரட்ணம் படியிலிருந்து காலை எடுத்தார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள்கள் மெல்லத் தளர்ந்தன. தன் பிள்ளை அப்படித்தான், விழுந்தவனைக் கண்டால் விட்டுவிட்டுப் போகமாட்டாள். பெருமை அவரையும் மீறிக் குரலில் ஏறியது.

“நர்ஸ்தானே. படிப்பிக்க வந்தவளாக்கும்.”

ஜனார்த்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இல்லை அங்கிள். எனக்குப் பக்கத்துக் கதிரையிலை இருந்தவள்.”