முடியளவு அரம்

பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்த ஆளுக்கு, பிடுங்காமலே வேரைச் சுத்தம் செய்யலாம் என்று காட்ட, டாக்டர் கோமளவல்லி பழைய ஊசிகள் இரண்டை ஜன்னல் வெயிலில் சேர்த்துப் பிடிக்கிறார். புதுத் துறைமுகப் பட்டறை ஃபிட்டர் அற்புதமணி, வீங்கிய கன்னத்தோடு கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். ஊசியா அது? அரம்! இருபது வருஷம் இரும்பை ராவியவருக்குத் தெரியாதா? "இங்கன கொண்டாங்கம்மா." ஒன்று முறுக்கிய கம்பி. மற்றது கூம்புமேல் கூம்பு அடுக்கினாற்போலக் கடைந்தது. அதை நகத்தில் வைத்து இழுக்கிறார். வெள்ளைத் தூள் உதிர்கிறது. "இது இழுத்தாத்தான் வெட்டும். திருகினா ஒடிஞ்சிரும், என்னம்மா?" டாக்டரின் புருவம் உயர்கிறது. "ஆமா அண்ணாச்சி. உங்க பல்லு வேர் வளைஞ்சிருக்கு. முறுக்குனதுதான் முதல்ல வழி பார்க்கும்." வெளியே கப்பல் சங்கு ஊதி அடங்குகிறது. அற்புதமணி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கிறார். கொதிநீரில் கிடந்த புது அரத்தை எடுத்து, மரப்பு ஊசி போட்டுத் துளையிட்ட பல்லுக்குள் டாக்டர் இறக்குகிறார். அது வளைவில் தட்டி நிற்கிறது. அவர் அழுத்தவில்லை; விரல் நுனியால் கால் சுற்று திருப்புகிறார். முடியளவு எஃகு மெல்ல வளைந்து கீழே போகிறது. "வலிக்குதா அண்ணாச்சி?" அற்புதமணி காதில் அது விழவில்லை. தன் எலும்புக்குள் இரும்பு வழி கேட்டு நடக்கிற சத்தத்தை, மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.