துரையின் நாய்க்கு ஓர் அசுரன்

துரையின் கறுப்பு நாய்க்குப் பன்னிரண்டு மணிக்குள் ஓர் அசுரனின் பெயர் கண்டுபிடித்தாக வேண்டும். கனகசபாபதிக்குத் தலை சுற்றியது.

துரை சீமையிலிருந்து வந்து மூன்று மாதம். நாய் வந்து மூன்று நாள். இரண்டு பேருக்கும் கொழும்பு இன்னும் பிடிபடவில்லை.

உங்கள் புராணங்களில் பிசாசுகளுக்குக் குறைவில்லையாமே, நல்லதாக ஒன்று கொண்டு வா என்று காலையில் துரை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அப்போது அவருடைய மேசையில் ஒரு சிபாரிசுக் கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்ததைக் கனகசபாபதி கண்டார். போன வருஷம் முதல் பதில் தலைமைக் கிளாக்கராக இருப்பவரை நிரந்தரமாக்கும் கடிதம். அதிலிருந்த பெயர் அவருடையதுதான்.

நாயின் பெயர் துரைக்குப் பிடித்தால் கையெழுத்து விழும். பிடிக்காவிட்டால் யார் கண்டது? பதினெட்டு வருஷமாக வெள்ளவத்தையிலிருந்து ரயிலும் ட்ராமுமாகக் கொச்சிக்கடைக் கந்தோருக்கு வந்து போனவரின் உத்தியோகம் கடைசியில் ஒரு நாயிடம் போய் நிற்கிறது. அவருக்கு அழுகையே வந்தது.

அசுரருக்கு என்ன பஞ்சம் என்றுதான் முதலில் நினைத்தார். கந்தபுராணம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

சூரபத்மன் என்று எழுதினார். முருகனுக்கு மயிலும் சேவலுமானவன் அல்லவா அவன்? அவன் பெயரைச் சொல்லி ஒரு நாயை அதட்டிவிட்டு, சஷ்டிக்கு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? வெட்டினார்.

சிங்கமுகன் அம்மனுக்கு வாகனம். தாரகன் ஐயனாருக்கு. இரண்டையும் வெட்டினார்.

இராவணனைப் போல ஒரு சிவபக்தன் உண்டா? நரகாசுரன் செத்ததற்கு எண்ணெய் வைத்து முழுகிப் புது உடுப்பு உடுத்துகிறோம்; அவனை நாயாக்கலாமா? அவையும் போயின.

பகாசுரன் பாதகமில்லைப் போலிருந்தது. ஆனால் வண்டி வண்டியாகச் சோறு தின்றவன் அவன். நாயின் சாப்பாட்டில் இந்தக் கிளாக்கர் கண் வைக்கிறான் என்று துரை நினைத்துவிட்டால்?

கடதாசி முழுக்க வெட்டு. ஒழுங்கான ஒரு கெட்டவன்கூட நம் புராணத்தில் இல்லையா என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

வேறு வழியில்லாமல் கிளாக்கர்மார் இருக்கும் கூடத்துக்குப் போனார். மூன்று பேரும் எழுந்து நின்று, ஒருவர் பின் ஒருவராகக் குட் மோர்னிங் சொன்னார்கள். அவர் ஒரு நாளில் எத்தனை தரம் உள்ளே வந்தாலும் அத்தனை தரம் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். போன செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போய் ஐந்து நிமிஷம் பிந்தி வந்த நோபேட், மாலைவரை நின்றுகொண்டே எழுதினான். கந்தோர் என்றால் ஒழுங்கு வேண்டாமா?

பொல்லாத அசுரன் ஒருவனின் பெயர் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இரணியன் எண்டு வைங்க சேர்," என்றான் புவாத், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "எங்க எல்லாருக்கும் லேசா வாயில வரும்."

யோகநாதன் ஓம் என்றான். நோபேட்டும் தலையாட்டினான்.

கனகசபாபதிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. யோகநாதன் சரி, சைவப் பிள்ளை. குர்ஆன் ஓதுகிற புவாத்துக்கும் செபமாலை உருட்டுகிற நோபேட்டுக்கும் இரணியனை எப்படித் தெரியும்? நம் புராணம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நெஞ்சு நிறைந்து, பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு துரையிடம் ஓடினார்.

அந்த இரணியன் என்ன செய்தான் என்று துரை கேட்டார். உலகம் முழுக்கத் தன் பெயரையே சொல்லிக் கும்பிட வேண்டும் என்றவன், பெற்ற பிள்ளையைக்கூட விட்டுவைக்காதவன் என்று இவர் அழகான ஆங்கிலத்தில் விளக்கினார். துரை நாயைத் தடவி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிடித்துவிட்டது. பேனாவை மையில் தொட்டார்.

தொட்டவர் எதையோ யோசித்து, மேசை லாச்சியைத் திறந்து ஒரு மொட்டைக் கடிதத்தை எடுத்தார். இரணியனோடு இனிமேல் வேலை செய்ய முடியாது, எங்கள் எல்லோருக்கும் இடமாற்றம் தாருங்கள் என்று அதில் இருந்தது. எழுதியவரின் பெயர் இல்லை.

ஒரு கிழமையாக ஆட்பட்டியலில் தேடுகிறாராம் துரை. அப்படி ஒருவனைக் காணவில்லையாம். அவன் யாரென்று இப்போதே பார்த்துச் சொல், அவனைக் கந்தோரை விட்டு அனுப்பிய பிறகுதான் வேறு எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைப்பேன் என்றார்.

கனகசபாபதி கடிதத்தோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். நாயும் பின்னால் வந்து மேசைகளுக்கிடையில் மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தது. மறுபடியும் மூன்று குட் மோர்னிங்.

இந்த இரணியன் யாராக இருக்கும்? யோகநாதன் வாய் திறக்காதவன். புவாத் குழந்தைப்பிள்ளை மாதிரி. நோபேட் பிந்தி வருவானே தவிர, ஒருவரையும் கடிந்து பேசத் தெரியாதவன். இந்த நல்ல பிள்ளைகளுக்கிடையில் அந்தப் பாவி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

துரை பேனாவும் கையுமாகக் கூடத்து வாசலுக்கு வந்து நாயைக் கூப்பிட்டார்.

"இரணியன்!"

மூன்று தலைகளும் ஒரேயடியாக நிமிர்ந்தன.

ஒருவரும் நாயைப் பார்க்கவில்லை.

கனகசபாபதிக்குக் காது சுட்டது. துரை மூன்று பேரையும் பார்த்தார். பிறகு, அவர்கள் பார்த்த பக்கம் மெல்லத் திரும்பினார்.