அதட்டுகிற அம்மா

கோவையில் ஆக்சிஜன் இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கும் வேலை செண்பகவல்லிக்கு. அவள் கொங்குத் தமிழில் பேசினால் போதும். கழுத்தில் கட்டிய பட்டை அதைப் பணிவான ஆங்கிலமாக்கி மறுமுனைக்கு அனுப்பிவிடும்.

அன்று நைரோபியிலிருந்து ஒரு நர்ஸ் அலறினாள். இயந்திரம் நின்றுவிட்டது, குழந்தை நீலம் பாரிக்கிறது. இன்ஜினியரின் லைனோ பிஸி.

இன்ஜினியர்கள் சொல்வதைத் தினமும் கேட்டவள் செண்பகவல்லி. "சிவப்புக் குமிழை உடனே திருகுங்க!" என்றாள். 'தங்களுக்குச் சிரமமில்லையெனில், தயவுகூர்ந்து...' என்று ஆங்கிலத்தில் இழுத்தது பட்டை.

அதைப் பிய்த்து எறிந்தாள். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் தொண்டையிலிருந்து வெடித்தது. "மேடம், ரெட் நாப்! டர்ன்! நவ்! ஐ ஆம் ஹியர்!"

இயந்திரம் இரைந்தது. பிறகு, குழந்தை வீறிட்டு அழுதது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போனாள்.

"ஏனுங்க அம்மிணி, நைரோபி ஆஸ்பத்திரி லைன்ல இருக்குது. பணிவா பேசுற குரல் வேண்டாமாமுங்க. அந்த அதட்டுற அம்மாதான் வேணுமாம்."

செண்பகவல்லி ரிசீவரை வாங்கினாள். "குட் மார்னிங் மேடம். செண்பகவல்லி ஸ்பீக்கிங்."

இந்த வேலைக்கு வந்த பதினோரு வருஷத்தில் அன்றுதான் அவள் போனில் தன் பெயரைச் சொன்னாள்.