காயாத நிழல்

துணியை விலக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

படத்தில் அவளைக் காணவில்லை.

நீலச் சால்வை இருந்தது. மடியில் கோத்த கைகள் இருந்தன. கழுத்துக்கு மேலே மட்டும் கறுத்து, சுருங்கி, வற்றிய குளம்போல வெடித்துக் கிடந்தது.

கீழே குதிரைவண்டி காத்திருந்தது. மகள் லிசெத், கல்யாணமாகி இன்று பாரிஸை விட்டுப் புறப்படுகிறாள். அவள் கேட்ட சீதனம் ஒன்றே ஒன்று. அம்மாவின் படம்.

தன்னைப் பெற்றதும் கண்மூடிய அம்மாவை அவள் பார்த்ததில்லை. படத்தையும்தான். மனைவி போன அன்றே அவன் அதன்மேல் துணியைப் போட்டான். பிறகு விலக்கத் துணிவு வரவில்லை.

தார். நிழலுக்காக வண்ணத்தில் அவன் கலந்த பாழாய்ப்போன தார்.

ஓவியம் கற்றுத்தந்த ஆசான் அந்தக் காலத்திலேயே தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"மொதல்ல கோடு போடுடா. கோடுதான் எலும்பு. நிழலுக்குத் தாரைக் கலக்காதே, ஜென்மத்துக்கும் காயாது. ஒரு கால் பளிங்குல, ஒரு கால் பனிமூட்டத்துல... எங்கேயாவது விழுந்து வைக்கப் போறே!"

ஆசான் வரைந்த வீரர்கள் பளிங்குச் சிலைகளாக நின்றார்கள். இவனுக்கு அந்தி வேண்டும். மூச்சு வேண்டும்.

மற்ற படங்களுக்கெல்லாம் பயந்துகொண்டு கோடு போட்டான். மனைவியின் படத்துக்கு மட்டும் போடவில்லை.

காதலுக்கு எதற்கு எலும்பு?

தாரை எண்ணெயில் குழைத்து, கன்னத்தோரம் நேராக நிழலை இறக்கினான். அன்று அது தேனாக மின்னியது.

இப்போது கண்ணை மூடி அவளை நினைத்துப் பார்த்தான்.

சால்வை வந்தது. கைகள் வந்தன.

முகம் வரவில்லை.

"அப்பா, எடுத்துட்டீங்களா? வண்டிக்காரர் கத்துறார்!"

படியில் காலடி. சட்டென்று துணியை இழுத்து மூடினான்.

"அது பெரிய படம்மா, வண்டியில கொள்ளாது. கையோட சின்னதா வரைஞ்சு தரேன். ஜன்னலோரமா உட்காரு."

கரித்துண்டை எடுத்தான். முதலில் கோடு. நெற்றி, மூக்கு, தாடை. நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான்.

"என்னை ஏன்ப்பா முறைக்கிறீங்க? அம்மாவை வரையுங்க!" சிரித்தாள்.

தாளில் கூந்தலை மட்டும் பழைய பாணிக்கு மாற்றினான். தோளில் சால்வையைப் போர்த்தினான்.

லிசெத் தாளை வாங்கினாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"அச்சு அசல் என்னை மாதிரியே இருக்காங்களேப்பா!"

அவன் விரலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.