நாற்காலி உள்ள வீடுகள்

"உக்காருங்க சார்" என்று முதல் வீட்டு அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

கணக்கெடுப்பாளர் உட்கார்ந்தார். கைப்பிடியில் சுற்றியிருந்த நீலக் கம்பி முழங்கையில் உறுத்தியது.

வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் விதி கறாரானது: நாற்காலி உள்ள வீடு ஏழை வீடல்ல. அடுப்பு அன்று எரிந்த அடையாளமே இல்லை. ஆனாலும் 'நாற்காலி உண்டு' என்று கைபேசியில் தட்டி அனுப்பினார். அனுப்பியதைத் திருத்த முடியாது.

'விதி போட்டது நானா?' என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அதன் பிறகு யார் முகத்தையும் பார்க்கக் கூசி, வீட்டுக்கு வீடு கைபேசியை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்து தட்டினார். பதினோரு வீடுகள் உதவிப் பட்டியலை விட்டுப் போயின.

பன்னிரண்டாவது வீட்டில் நாற்காலியே இல்லை. இவர்களுக்காவது உதவி கிடைக்கும் என்று அவருக்கு உயிர் வந்தது. நின்றபடியே கேள்வியை ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார், நாற்காலி வந்துட்டிருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"எங்கேருந்து?"

"நீங்க இப்ப இருந்துட்டு வந்த வீட்டுலேருந்துதான். நீங்க வாசல் வழியா வர்றீங்க, அது பின்பக்கமா வருது. வந்த மனுஷனை நிக்க வெச்சா பேசறது? தெருவுக்கே இருக்கறது அது ஒண்ணுதான்."

பின்கதவு திறந்தது. நீலக் கம்பி சுற்றிய கைப்பிடி முதலில் உள்ளே வந்தது.

"இப்ப உக்காருங்க சார்."