ஏழாவது மேசையில் என்ன இருக்கிறது?

"என்னம்மா இது, மேசை துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. உங்க ப்ராஜெக்ட் எங்க?"

அறிவியல் டீச்சர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். தாழ்த்தாவிட்டால் அது அலறலாக வந்திருக்கும். ஏழாவது மேசைமேல் ஒரே ஒரு சார்ட் பேப்பர் கிடந்தது. அதன் நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் செய்தித்தாளை ஒட்டி மூடியிருந்தார்கள்.

"நடந்துக்கிட்டே இருக்கு மிஸ்," என்றாள் கண்ணாடி போட்ட குழுத்தலைவி.

"எங்க நடக்குது?"

"அதை இப்ப சொல்லக் கூடாது மிஸ். சொன்னா கெட்டுப்போயிடும்."

டீச்சருக்கு யாரையும் திட்டவும் வழியில்லை. தலைப்பும் மாணவர்களுடையது, வேலையும் மாணவர்களுடையது, ஆசிரியர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று பத்தாம் வகுப்புக்கு இந்த ப்ராஜெக்ட் குழுக்களைக் கொண்டுவந்ததே அவள்தான். ஹெட்மாஸ்டருக்கு ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்கவில்லை. பிள்ளைகள் கையில் கொடுத்தால் பள்ளிக்கூடம் தலைகீழாக நிற்கும் என்பது அவர் கட்சி. இன்று அரங்கத்தில் ப்ராஜெக்ட் கண்காட்சியைப் பார்க்க வந்திருக்கும் கல்வி அதிகாரி லேசாக முகம் சுளித்தால் போதும், திங்கட்கிழமையிலிருந்து ப்ராஜெக்ட் பீரியட் போய் தினம் ஒரு டெஸ்ட் வந்துவிடும். வினாத்தாளைக்கூட அச்சடித்து அலமாரியில் வைத்துவிட்டார் என்று கேள்வி.

சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் ஆரம்பித்த அதிகாரி நான்காவது மேசைக்கு வந்திருந்தார். அங்கே ஒரு எரிமலை சோப்பு நுரையைக் கக்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டையிலும் கொஞ்சம் கக்கியது.

"நீங்க மூணு பேராச்சே. அந்த வாயாடி எங்க?" என்றாள் டீச்சர். வாயாடி இருந்தாலாவது பேசியே ஒப்பேற்றிவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

"அவ ஒரு வேலையா ஆபீஸ் பக்கம் போயிருக்கா மிஸ்," என்றான் குழுவின் மூன்றாவது ஆளான நெட்டையன். அவனும் மேசையருகில் நிற்கவில்லை. அரங்கத்துக்கு இருந்த ஒரே வாசலின் ஓரமாக, நோட்டும் பேனாவுமாகக் காவல்காரன் போல நின்றிருந்தான்.

ஐந்தாவது மேசையில் மழைமானி. ஆறாவதில் காற்றாலை. அதிகாரி தானே ஊதிப் பார்த்துச் சுற்றவைத்துச் சந்தோஷப்பட்டார். பிறகு ஏழாவது மேசைக்கு வந்தார்.

"இது என்ன?"

"கட்டம் சார்," என்றாள் தலைவி.

"அது தெரியுது. உள்ள என்ன?"

"இன்னும் வரலை சார். வந்ததும் எழுதிடுவோம்."

தலைவி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கூரையைப் பார்த்தாள். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஹெட்மாஸ்டர், 'நான் அப்பவே சொன்னேனே' என்பதை வாயைத் திறக்காமலே சொன்னார்.

"அதாவது சார்," டீச்சர் மென்று முழுங்கினாள், "இது வந்து... வெற்றிடம் பத்தின ஆராய்ச்சி."

அதிகாரி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்போதும் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

"என்ன டீச்சர், விளையாடுறீங்களா?" என்று அவர் ஆரம்பிக்கவும், மணி நீளமாக அடிக்கவும் சரியாக இருந்தது. பள்ளி விடுகிற மணி.

அப்புறம் கேட்க வேண்டுமா. எரிமலையை அப்படியே பொங்கவிட்டுவிட்டுப் பிள்ளைகள் பையைத் தூக்கினார்கள். மற்ற டீச்சர்கள் அவர்களை முந்தினார்கள். ஹெட்மாஸ்டர், "நாலு பத்து பஸ்ஸை விட்டா எனக்கு வேற பஸ் இல்ல," என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அதிகாரியும், "சரி, மிச்சத்தை இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்று நுரையைத் தட்டிவிட்டபடி காரில் ஏறிவிட்டார். இரண்டு நிமிடத்தில் அரங்கம் காலி.

டீச்சர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"மணி அடிச்ச பியூன் அண்ணன் நல்லா இருக்கணும். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். போங்க, வீட்டுக்குப் போங்க. திங்கட்கிழமைக்குள்ள எதையாவது செஞ்சு எடுத்துட்டு வாங்க." கைப்பையை மாட்டிக்கொண்டு அவளும் எழுந்தாள்.

வாயாடி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"நான் ஒரு பொய்யும் சொல்லலைடி. 'இன்னும் மணி அடிக்கலையா அண்ணே'ன்னுதான் கேட்டேன். 'ஐயையோ'ன்னு எழுந்து ஓடிப்போய் அடிச்சிட்டாரு. இங்க எப்படி?"

நெட்டையன் நோட்டைப் பார்த்தான். "இந்த வாசல் வழியா போனது அறுபத்தி மூணு பேர். முதல் ஆளு ஹெட்மாஸ்டர் சார். நிமிர்ந்து பாத்தவங்க யாருமே இல்ல."

தலைவி கட்டத்துக்குள் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள். பிறகு செய்தித்தாளைக் கிழித்தாள். உள்ளே அழகான கையெழுத்தில் தலைப்பு இருந்தது: 'மணி அடித்தால் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?'

டீச்சர் மெல்ல வாசலுக்கு மேலே நிமிர்ந்தாள். அங்கே மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது.

"இப்ப பாத்தது கணக்குல சேராது மிஸ்," என்றாள் தலைவி.