நாரையைச் சுற்றிய நீலம்

ஏரிக்கரையில் எடுத்த ஒரு படம். அதில் பாறை நிழலில் ஓர் ஆண் நாரை நின்றது. வெயில் கொதிக்கும் வானத்தில் அதன் துணை பறந்தது. இருட்டும் வெயிலும் ஒரே தாளில் அடங்க வேண்டுமென்று, படம் எடுத்தவர் கணினியில் வெயிலைத் தணித்து நிழலுக்கு வெளிச்சம் ஏற்றினார். பாறையின் பாசிகூடத் தெரிந்தது. ஆனால் அந்தத் தணிப்பில் வானத்துக்கும் வெள்ளைச் சிறகுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அழிந்து, இரண்டும் ஒரே வெளுப்பாகிப்போயின.

"எங்கே இருக்கிறாய்?" என்று ஆண் நாரை கதறியது.

"இங்கேதான். என் சிறகு எனக்கே தெரியவில்லை" என்றது பெண் நாரை.

ஆண் நாரை பாறையிடம் கெஞ்சியது. "உனக்குக் கிடைத்த வெளிச்சத்தை வானத்துக்கே கொடுத்துவிடு."

"கொடுத்தால் நான் மறுபடி இருட்டில் மூழ்குவேன். நீயும்தான்" என்றது பாறை.

"மூழ்கினால் மூழ்குகிறேன். அவள் தெரிந்தால் போதும்."

வானத்தில் வெளிறிக் கிடந்த நீலம் இதைக் கேட்டது. "யாரும் எதையும் இழக்க வேண்டாம். வெளிச்சம் என் கையில் இல்லை. நிறம் இருக்கிறது" என்று சொல்லி, சிறகுகளின் விளிம்பை ஒட்டி மெல்ல அடர்ந்தது. வானம் துளியும் இருளவில்லை. ஆனாலும் அந்த நீலத்தின் நடுவே வெள்ளைச் சிறகு இறகு இறகாகத் தெளிந்தது.

படத்தில் பறப்பவள் இறங்கி வரப்போவதில்லை என்று ஆண் நாரைக்குத் தெரியும். அது கழுத்தை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.